நோவு தணிக்கும் ஊசி

வடமராட்சியைச் சேர்ந்த உடுப்பிட்டியிலே 1852 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் ஒரு பாடசாலையை நிறுவினர். அந்த மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1847 இல், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்த அவர், பின்னாளில் மேனாட்டு வைத்தியத்தைத் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே கற்பித்தார். 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘இரண வைத்தியம்’ சத்திர சிகிச்சைக் கலையைத் தமிழில் விரித்துரைத்தது.

கிறீன் வந்த காலம் வைத்திய வரலாற்றில் ஒரு திருப்பமான காலம். 1846 ஒக்டோபர் 16 ஆம் நாள் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலையில் ஈதர் ஆவியினால் மயக்கப்பட்ட ஒருவருக்குப் பலர் முன்னிலையில் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் என்னும் வைத்தியர் குளோரபோமைப் பயன்படுத்தினார். கத்தி உடலிற் படும்போது உண்டாகும் நோவை மனிதன் வென்றுவிட்டான்.

ஆயினும் அது பாதி வெற்றியே. மயக்கம் தெளிந்தபின் தொடங்கும் நோவு எஞ்சிநின்றது. மந்திகை ஆஸ்பத்திரியில் வயிற்றில் சத்திர சிகிச்சை பெற்று உடுப்பிட்டிக்குத் திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இருமினாலும் திரும்பிப் படுத்தாலும் தையல் இழுக்கிறது. நோவுக்கு அஞ்சி ஆழமாக மூச்சு வாங்காதவருக்கு நெஞ்சிலே சளி தேங்கிச் சுவாசப்பை அழற்சி உண்டாகலாம். எழுந்து நடவாதவருக்குக் காலிலே இரத்தம் உறையலாம். ஆகவே நோவு தணித்தல் என்பது சுகம் தேடுவது மட்டுமன்று. குணமடைதலின் ஒரு பகுதியுமாகும். மோர்பின் போன்ற மருந்துகள் நோவை நன்கு அடக்குகின்றன. ஆனால் வாந்தி, மலச்சிக்கல், தூக்க மயக்கம் ஆகியவற்றையும் அவை உடன்கொண்டு வருகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சையே தளர்த்தும். அம்மருந்தின் அளவைக் குறைக்க உதவும் துணை ஒன்றை வைத்தியர் தேடினர். அத்தேட்டத்தில் பலருடைய பார்வை சீன தேசத்தின் ஊசி வைத்தியத்தின்மேற் சென்றது.

உடலிற் குறித்த இடங்களில் மெல்லிய ஊசியைச் செலுத்தி நோய் தணிக்கும் இம்முறை சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எனினும் அதைச் சத்திர சிகிச்சையோடு இணைத்தது அண்மைக்கால நிகழ்ச்சியே. 1958 ஆம் ஆண்டில் ஷாங்காயில் ஊசியின் துணையோடு தொண்டைச் சதையை அகற்றும் சிகிச்சை செய்யப்பட்டது. 1938 இல் இந்திய வைத்தியக் குழுவில் ஒருவராகச் சீனா சென்றிருந்த வைத்தியர் பி. கே. பாசு, 1958 இல் மீண்டும் அங்கு சென்று இக்கலையைக் கற்று, 1959 இல் கல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையிலோ, வைத்தியர் அன்ரன் ஜயசூரிய 1970 களிற் சீனாவிற் பயின்று வந்து, களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் இதனை நடத்தினார். வெளிநாட்டினரும் அங்கு வந்து கற்றனர்.

உலகத்தின் கவனத்தை ஈர்த்தது ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் வயிறு. 1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் நகரில் குடல்வால் அழற்சியால் அவதியுற்றார். 17 ஆம் நாள் சத்திர சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வழக்கமான மரப்பு மருந்தே ஊசிமூலம் ஏற்றப்பட்டது. இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி அவர் வருந்தியபோதே, வலது முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் மூன்று மெல்லிய ஊசிகள் செலுத்தப்பட்டன. மூலிகை ஒன்றும் கொளுத்தி வயிற்றருகே பிடிக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துள் வருத்தம் தணிந்ததென அவர் எழுதினார். அவருடைய கட்டுரை ஜூலை 26 ஆம் நாள் ‘நியூ யோர்க் டைம்ஸ்’ இதழில் வெளிவந்தது. அது வாய்வழியே பரவியபோது, மயக்க மருந்தின்றி ஊசியினாலேயே அவருக்குச் சத்திர சிகிச்சை நடந்ததாக உருமாறியது. நிகழ்ந்தது வேறு, பேசப்பட்டது வேறு. சீனாவில் வெளிநாட்டார் கண்டு வியந்த சத்திர சிகிச்சைகளிலுங்கூட, நோயாளர் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பதும், வேறு மருந்துகளும் உடன் கொடுக்கப்பட்டன என்பதும் பின்னர் தெரியவந்தன.

அப்படியாயின் ஊசியின் பயன் முற்றும் பொய்யோ? அன்று. 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், மோர்பினைப் போலத் தொழிற்படும் பொருள் மூளையிலேயே சுரப்பதைக் கண்டறிந்தனர். மோர்பினின் வலிமையை முறிக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது ஊசியால் வந்த நோவுத் தணிவும் குறைந்ததென 1970 களின் பிற்பகுதியில் நடந்த சில ஆராய்ச்சிகள் காட்டின. ஊசி உடலின் சொந்த மருந்தை எழுப்புகிறது என்னும் விளக்கம் இவ்வாறு பிறந்தது.

1997 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு, சத்திர சிகிச்சைக்குப் பிந்திய குமட்டலிலும், பற்சிகிச்சைக்குப் பிந்திய நோவிலும் நற்பயன் காணப்படுவதாக அறிவித்தது. மெய்யான ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்ட 15 ஆய்வுகளைத் திரட்டி 2008 இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, மெய்யூசி பெற்றவர்களுக்கு மோர்பின் வகை மருந்து சற்றுக் குறைவாகவே தேவைப்பட்டதென்றும், குமட்டலும் தலைச்சுற்றும் குறைந்தனவென்றும் கூறிற்று. கிடைத்த பயன் பெரிதன்று, ஆனால் உண்மையானது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உட்புறத்து இரு நரம்புக் கயிறுகளின் நடுவே உள்ள இடம் குமட்டலுக்குப் பெயர்பெற்றது. அவ்விடத்தை விரலால் அழுத்தியும் பயன் காணலாம்.

இவ்வரலாற்றிலிருந்து நோயாளர் அறிய வேண்டியது யாதெனின், ஊசி மருந்துக்குத் துணை, மாற்று அன்று என்பதே. அதனை நம்பி வைத்தியர் தரும் நோவு மருந்தை மறுப்பது தவறு. ஒரு கட்டுக்கதை பரவிற்று என்பதற்காக அதை எள்ளி ஒதுக்குவதும் தவறு. கற்றுத் தேர்ந்தவர் கையில், தூய்மையான புதிய ஊசியால், வைத்தியருக்கு அறிவித்தே செய்தல் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதை முன்னரே சொல்லல் வேண்டும். நோவைப் பொறுத்துக்கொள்வதே திடம் என்று வாய்மூடிக் கிடப்போர் நம் ஊர்களில் இன்றும் பலர். மூச்சை ஆழ வாங்கவும் எழுந்து நடக்கவும் முடியாமல் நோகிறது என்று அவர்கள் தாதியிடம் சொன்னாலன்றி, மருந்தும் ஊசியும் அவர்களை அணுகமாட்டா.