வேடந்தாங்கலும் நம்ம மூக்கனேரியும்

கரடியூர் பக்கம் பறவை பாக்க வர்றவங்க பெரும்பாலும் தேடுறது மஞ்சள் தொண்டைச் சின்னானைத்தான். பாறையும் புதருமா இருக்குற சரிவுல குரல் கொடுக்கும், ஆள் கண்ணுல சிக்காது. நாரை, கூழைக்கடான்னு நீர்ப்பறவைகளைப் பாக்கணும்னா சேர்வராயன் மலையை விட்டுக் கீழே இறங்கணும். நீர்ப்பறவைன்னா உடனே எல்லாரும் சொல்றது வேடந்தாங்கல். அந்த ஏரி இத்தனை வருஷம் எப்படித் தப்பிச்சதுங்கறதுதான் எனக்குப் பிடிச்ச கதை.

தாங்கல்னா சின்ன ஏரி. வேடன் தாங்கல்னு பேரே வேட்டையைத்தான் சொல்லுது. மொத்தம் 30 ஹெக்டேர், அவ்வளவுதான். 18ம் நூற்றாண்டு கடைசியில வெள்ளைக்கார சிப்பாய்கள் அங்க வந்து நாரைகளைச் சுட்டுத் தள்ள, ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போய் முறையிட்டாங்க. 1798 வாக்கில் 'இங்கே யாரும் சுடக்கூடாது'ன்னு உத்தரவு வந்தது. மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில வர்ற அதே பிளேஸ் துரைதான்! கரை உடையாம ராம லட்சுமணர் வில்லோட காவல் நின்னதைப் பாத்தார்னு சொல்வாங்களே, அவரேதான். ஏரின்னா என்னன்னு தெரிஞ்ச மனுஷன் போல :-)

ஊர்க்காரங்க போனது வெறும் ஜீவகாருண்யத்துக்காக இல்லீங்க. தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்ல ஆயிரக்கணக்குல கூடு. எச்சமெல்லாம் நேரா ஏரியில விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைஞ்ச அந்தத் தண்ணிதான் வயலுக்குப் பாயுது. காசில்லாத உரம்! நாரை போனா நெல்லும் போச்சு. கணக்குத் தெரிஞ்ச விவசாயிகள். இதை நான் குறையா சொல்லல, இந்தக் கணக்குதான் 200 வருஷத்துக்கு மேல காவல் காத்திருக்கு.

மாசி, பங்குனியில விடிகாலையில ஏரிக்கரைல நின்னா இது நல்லாப் புரியும். குளிர்காலத்துக் கூட்டம் குறைஞ்சிருக்கும். மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சுகள் கிளையில நின்னு இறக்கையை விரிச்சு விரிச்சுப் பழகும். நத்தை குத்தி நாரையோட அலகு மூடினாலும் நடுவுல இடைவெளி தெரியும். கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கான்னு ஒரே மரத்துல மாடி மாடியா குடித்தனம். அப்புறம் அந்த வாடை! மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறோமே, அதுதான் அந்த ஊரு உரமூட்டை.

பிளேஸ் கொடுத்த உத்தரவை 1858ல் இன்னொரு கலெக்டர் காலத்துல ஊரார் புதுப்பிச்சு வாங்கினாங்க. 1936ல் அரசு அங்கீகாரம், 1972ல் வனவிலங்குச் சட்டம், 1998ல் சுத்தி 5 கிலோமீட்டர் எல்லை. 2020ல் அந்த 5ஐ 3 ஆக்கணும்னு அரசே யோசனை வச்சப்போ எதிர்ப்பு கிளம்பினது ஞாபகம் இருக்கும். 2022ல் ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு.

இப்ப நம்ம மலையடிவாரத்துக்கு வருவோம். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி 58 ஏக்கர். சேர்வராயன் மலையில பெய்யுற மழைதான் ஓடையா இறங்கி அதுக்கு வருது. சாக்கடையும் குப்பையுமா கிடந்த ஏரியை 2010ல் சேலம் மக்கள் குழு கையில எடுத்தது. வாரின வண்டலை வெளியே கொட்டாம உள்ளேயே குவிச்சுத் திட்டுத் திட்டா ஆக்கி, மேல மரக்கன்று நட்டாங்க. வேடந்தாங்கல்ல ஏற்கெனவே நின்ன மரத்துக்குப் பறவை வந்தது. இங்க பறவைக்காக மேடு போட்டு மரம் வச்சாங்க. பறவைகளும் வந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துது. வேடந்தாங்கல்காரனுக்கு நாரை எச்சத்துல நெல்லு விளைஞ்சது, அதனால கலெக்டர்கிட்ட போனான். மூக்கனேரியைச் சுத்தி இப்ப வீடுகள். நாளைக்கு நாரைக்கு ஒரு கஷ்டம்னா, எதுக்காக யார் போய் நிப்பாங்க? உங்க ஊர் ஏரியிலயும் இந்தக் கணக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க மக்களே.