ஆளில்லா விமானங்களின் அணிவகுப்பு

1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் நாள். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நீர்த் திருவிழா. கூடியிருந்த பெருந்திரளான மக்களுக்கு முன்னே, கிரிப்பென் என்னும் புதிய போர் விமானம் ஒன்று வித்தை காட்டிப் பறந்தது. திருப்பம் ஒன்றை முடித்து நிமிரும்போது அது திடீரெனத் தள்ளாடியது. விமானி இருக்கையோடு வெளியே எறியப்பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். விமானம் லாங்ஹோல்மென் தீவில் விழுந்து எரிந்தது. அத்தனை கூட்டத்தில் ஓர் உயிர்கூடப் போகாதது பெரும் வியப்பே.

எந்திரம் நின்றுவிடவில்லை, இறக்கை முறியவும் இல்லை. விமானி கைப்பிடியை மிக விரைவாக அசைத்தார். கணிப்பொறி அக்கட்டளையை விமானத்தைத் திருப்பும் பலகைகளுக்கு அனுப்பியது. அப்பலகைகளோ ஓர் அளவுக்கு மேற்பட்ட வேகத்தில் திரும்பமாட்டா. கட்டளை முந்தியது, பலகை பிந்தியது. பிந்தியதைச் சரிசெய்ய அவர் மறுபுறம் அசைக்க, ஆட்டம் மேலும் வளர்ந்தது.

ஒரே விமானத்துக்கு இந்நிலை என்றால், தலைவனின்றி ஒன்றையொன்று பார்த்துப் பறக்கும் முப்பது விமானங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒன்றின் தாமதம் அடுத்ததன் தவறாகும் அன்றோ? 2018-ஆம் ஆண்டு தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக 1,218 ட்ரோன்கள் வானில் ஒளிக்கோலம் வரைந்தன. அழகிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆயினும் ஒவ்வொன்றின் பாதையும் முன்னரே கணக்கிட்டு வைக்கப்பட்டது. நான் சொல்லவந்த வரலாறு வேறு.

அது 1987-இல் தொடங்குகிறது. அமெரிக்கரான கிரெய்க் ரேனால்ட்ஸ் கணிப்பொறித் திரையில் ஒரு பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: அண்டை அயலாருடன் மோதாதே, அவர்களுடைய வேகத்தையும் திசையையும் தழுவிச் செல், கூட்டத்தின் நடுவை நாடு. இம்மூன்றும் புகழ்பெற்றுவிட்டன. ஆனால் அதே கட்டுரையில் அவர் கூறிய மற்றொரு கருத்தைப் பலரும் கவனிப்பதில்லை. என் மதிப்பில் அதுவே மேலானது. பறவையின் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று விதிகளும் ஒரே சமயத்தில் மூன்று பக்கம் இழுத்தால் என் செய்வது? மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், 'இடப்புறம் திரும்பு' என்பதும் 'வலப்புறம் திரும்பு' என்பதும் ஒன்றையொன்று அழித்துவிடும். பறவை நேரே சென்று சுவரில் முட்டும். ஆகவே ரேனால்ட்ஸ் வரிசை வகுத்தார். மாதச் சம்பளத்தில் முதலில் அரிசிக்கு எடுத்துவைத்து, எஞ்சியதைக்கொண்டே பிற செலவுகளைப் பார்ப்பதுபோல், முதலில் மோதலைத் தவிர்க்க வேண்டிய வலுவை ஒதுக்கினார். மிச்சம் இருந்தால்தான் மற்றவை.

திரையை விட்டு மெய்யான வானத்துக்கு வருவோம். நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோன் நிற்க விரும்பினால் பின்புறம் சாய வேண்டும். சாய்வதற்குச் சிறிது நேரம் ஆகும். மிகையாகச் சாய்ந்தாலோ தன் எடையைத் தாங்கும் வலு குன்றிவிடும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒன்று, விநாடிதோறும் 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கவல்லது எனக் கொள்வோம். அது நிற்க 2 மீட்டர் தூரம் போதும். வேகத்தை 8 மீட்டர் ஆக்குங்கள். 8 மீட்டர் தூரம் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. இதற்கிடையே அண்டை ட்ரோன் இருக்கும் இடம் வானொலி அலை வழியே தெரியவருகிறது. வந்து சேரும்போது அச்செய்தி சற்றே பழையது.

இக்கணக்கை முறையாக எடுத்துக்கொண்டவர்கள் ஹங்கேரி நாட்டினர். பூடபெஸ்டு நகரின் ஆத்வஷ் லோராண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமாஷ் விச்செக், 1995-இலேயே கூட்ட இயக்கத்துக்கு எளிய கணிதம் ஒன்றைத் தம் தோழர்களுடன் வெளியிட்டவர். அவருடைய குழுவினர் 2014-இல் 10 ட்ரோன்களைத் தலைவனின்றி வெட்டவெளியில் கூட்டமாகப் பறக்கவிட்டனர். 2018-இல் காபோர் வாஷார்ஹெயி முதலியோர் அதனை 30 ஆக்கினர். அவர்கள் வகுத்த விதி நுட்பமானது: அண்டையுடன் உனக்குள்ள வேக வேறுபாடு, இடையிலுள்ள தூரத்துக்குள் அடக்கக்கூடிய அளவைத் தாண்டுகிறதா? தாண்டினால் இப்பொழுதே இணங்கிச் செல். பல அளவுகளை ஒருங்கே பொருத்தவேண்டியிருந்ததால், உயிரினங்களின் பரிணாமத்தைப் போலக் கணிப்பொறியில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர்.

அந்த ட்ரோன்கள் பறந்த வெளியைச் சுற்றிலும் சுவர் என்று ஏதும் கட்டப்படவில்லை. சுவர்களும் இடையிலிருந்த தடைகளும் அவற்றின் கணக்கில் மட்டுமே இருந்தன. இருந்தும், அந்த இல்லாத சுவரை அடையுமுன்பே, தத்தம் வேகத்துக்கு ஏற்ற தொலைவில், ஒன்றன்பின் ஒன்றாக அவை திரும்பத் தொடங்கின.