மரவுரியும் மண்டாவும்: மட்டக்களப்பு வேடர் அருங்காட்சியகங்களில் பதிவான வரலாறு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பூர்ட் என்னும் இடத்தில் 1854ஆம் ஆண்டளவில் சேகரிக்கப்பட்ட ஜா ஜா வுருங் மக்களின் மரப்பட்டைச் சித்திரங்கள் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2004இல், ஒரு கண்காட்சிக்காக அவை மெல்பனுக்கு இரவலாக வந்தபோது, அந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவற்றைத் திருப்பி அனுப்பவிடாமல் தடுக்க முயன்றனர். வழக்கு நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு அவர்களுக்குப் பாதகமாக அமைய, பட்டைகள் மீண்டும் இலண்டன் சென்றன. அவற்றில் ஒரு பங்கை வைத்திருக்கும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில்தான், மட்டக்களப்புக்கு மேற்கே உள்ள காடுகளிலிருந்து போன, இலங்கையின் ஆதிக்குடியான வேடரின் பொருட்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம் பக்கத்திலிருந்து இதுவரை உரத்த கேள்வி எதுவும் எழவில்லை.

இலங்கை வேடரிடம் பட்டையில் ஓவியம் தீட்டும் மரபு இருந்ததில்லை. அவர்கள் வரைந்தது பாறையில். சாம்பலை எச்சிலில் குழைத்து, விரலால் தொட்டு, குகைச் சுவரில் மனிதரையும் விலங்குகளையும் இட்டார்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை குகையில் காத்திருந்த பெண்களே இவற்றில் சிலவற்றை வரைந்தார்கள் என்பது ஆய்வாளர் பதிவு. மரப்பட்டையை அவர்கள் வேறு வேலைக்கு எடுத்தார்கள். சிங்களத்தில் ‘ரிட்டி’ எனப்படும் மரத்தின் கிளையை அளவாக வெட்டி, சுற்றிலும் தடியால் அடித்துக்கொண்டே போனால் உள்ளிருக்கும் கட்டையிலிருந்து பட்டை நெகிழும். கிழியாமல் குழல்போல் உருவி எடுத்து, ஒரு முனையைத் தைத்தால் பை. அகலமாக உரித்து, அடித்து, கழுவிக் காயவைத்தால் உடுக்கும் மரவுரி. இந்த வேலைக்குக் கையின் பதம் வேண்டும். அடி பலமானால் நார் அறும், குறைந்தால் பட்டை கட்டையை விடாது.

இந்த மரவுரியும் வில்லும் அம்பும் எப்படி ‘உண்மையான வேடர்’ என்பதற்கு அடையாளமாயின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1681இல் வெளிவந்த ராபர்ட் நொக்ஸின் நூலில் வேடரின் படம் இருக்கிறது. அதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது. தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தில் இலையை நறுக்கி, அதனுடன் இறைச்சியையும் சேர்த்து இரவில் கொல்லனின் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்துவைப்பதைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வார்களாம். வெளியுலகோடு தொடர்பே இல்லாத மனிதர் என்ற பிற்காலக் கற்பனைக்கு அன்றே மறுப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டக்களப்பிலிருந்து வெஸ்லியன் மிஷனரிமார் காட்டுக்குள் போனார்கள். அவர்களில் கிலிங்ஸ் 1853இல் பிந்தனைப் பகுதி வேடரைப் பற்றி எழுதினார். பத்தாண்டு கழித்து ஜோன் பெய்லியின் கட்டுரை வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சரசின் குடும்பத்து உறவினர் இருவர் 1880களில் இலங்கையில் தங்கி, உடல் அளவுகளையும் பொருட்களையும் சேகரித்து, 1892-93இல் பெரும் நூலாக்கினார்கள். தேடல் வரவரக் குறுகி, ‘கலப்பற்ற’ வேடரைக் கண்டுபிடிப்பதே ஆய்வு என்றாகிவிட்டது.

அந்தத் தேடலை முடித்துவைத்தவர்கள் செலிக்மன் தம்பதியர். சார்ல்ஸ் செலிக்மன் 1898இல் ஹேடன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர். மெழுகு உருளையில் பாட்டைப் பதிவது, பொருளைச் சேகரிப்பது, வமிசாவளியைக் கேட்டு எழுதுவது ஆகிய முறைகளை அவர் கண்டு பழகியது அங்கே. 1907-08இல் அதே முறைகளோடு அவரும் பிரெண்டாவும் இலங்கைக்கு வந்தனர். அவர்கள் பதிந்த வேடர் பாடல்களை ஆராய்ந்தவர், அதே தீவுப் பயணத்தில் உடன் சென்ற மயர்ஸ். 1911இல் வந்த செலிக்மன் தம்பதியரின் நூல் இன்றும் பயன்படும் அரிய உழைப்பு. அதை மதிக்காமல் இந்தத் துறையில் ஓர் அடி வைக்க முடியாது.

ஆனால் அந்த நூலின் அமைப்பிலேயே ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. குகையும் மரவுரியும் உள்ள காட்டு வேடருக்கு நூலின் பெரும்பகுதி. மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே திருகோணமலை நோக்கிப் போகும் கரையோரத்து வேடருக்கு ஓர் அத்தியாயம் மட்டும். இவர்கள் தமிழ் பேசினார்கள், மண்டாவால் மீன் குத்தினார்கள், சேனைப் பயிர் செய்தார்கள். இவர்களுடைய சடங்கில் வந்தது கப்பல் பேய், கடல் வழி வந்த அந்நியரின் ஆவி. ஒரு வேட்டைச் சமூகம் கடலோரத்தில் குடியிருந்து, தன் முன்னோர் வழிபாட்டுக்குள் கப்பலையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மானிடவியலாளர் கொண்டாட வேண்டிய இந்த மாற்றத்தை அக்காலத்தவர் தேய்வாக மட்டுமே கண்டார்கள். என் கணிப்பில் அந்த நூலின் பெரிய இழப்பு இதுதான்.

அந்தப் பார்வை நூலோடு நிற்கவில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில் வேடர் 5,332 பேர், 1953இல் 803, 1963இல் 400. இத்தனை குடும்பங்கள் அழிந்துபோனதால் வந்த வீழ்ச்சி என்று இதைக் கொள்ள முடியாது. தமிழ் பேசியவர் தமிழர் நிரலிலும், சிங்களம் பேசியவர் சிங்களவர் நிரலிலும் போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சிய காட்டு வேடரில் ஒரு பகுதியினரின் நிலங்களைக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் மூழ்கடித்தது. 1983இல் மதுறு ஓயா தேசிய வனமானதும் அங்கே வேட்டை குற்றமாயிற்று.

மட்டக்களப்புத் தமிழரின் நினைவோ இவர்களை விலக்கி வைக்கவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தலவரலாறு திகடன் என்ற வேடனிடமிருந்து தொடங்குகிறது. அவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, அதிலிருந்து இரத்தம் பெருகியது என்பது ஐதீகம். மண்டூர் முருகன் கோயில் கதையிலும் வேடர் உண்டு. ஆய்வாளர் கண்ணாடிப் பெட்டியில் தேடிய ஆதிக்குடி, நம் கோயில்களின் தொடக்கத்திலேயே நிற்கிறது. அந்த வழிவந்தோர் இன்றும் வாகரைப் பக்கத்தில், குஞ்சன்குளம் போன்ற ஊர்களில் வாழ்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையும் அடுத்து வந்த போரின் இடப்பெயர்வும் வாகரைப் பிரதேசத்தையே உலுக்கின.

சேகரிப்புகளின் திசை இப்போது சற்றே மாறியிருக்கிறது. 2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோவிடம் கையளித்தது. ஆஸ்திரேலியாவிலோ யிர்கலா மக்கள் 1963இல் தங்கள் நில உரிமைக்கான மனுவை மரப்பட்டையில் ஒட்டி, ஓரமெங்கும் தம் குல ஓவியங்களைத் தீட்டி, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அருங்காட்சியகப் பொருளாகக் கருதப்பட்ட பட்டை அவர்கள் கையில் அரசியல் ஆவணமாயிற்று.

நம்மால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலண்டனிலும் பாசலிலும் உள்ள வேடர் பொருட்களின் பட்டியலைத் தமிழில் தொகுத்து, வாகரை முதியோரிடம் கொண்டுசென்று, எந்தப் பொருளுக்கு என்ன பெயர், எந்தச் சடங்குக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். கரையோர வேடரின் மண்டாவையும் வலையையும் கப்பல் பேய்ச் சடங்கையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைத் தங்கள் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள்.