தராதரப் பத்திரமும் தேர்ச்சியும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்வோர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஒலுவிலை அடைவர். ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. ஆயின் அதன் வாயிலை மணல் மூட, மீனவர் படகுகளும் உட்புக இடர்ப்பட்டன. ஒரு பணி நிறைவெய்தியது என்னும் அறிவிப்பு வேறு. அது பயன்படுதல் வேறு என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை. இணையவழிப் பயிற்சிகளில் ஆசிரியர்கள் பெறும் நிறைவுச் சான்றிதழ்களை ஆராயப் புகுவோர்க்கும் இவ்வேறுபாடே முதற்கண் நினைவிற் கொள்ளற்பாலது.

தொலைவிலிருந்து கற்றுத் தராதரம் பெறுதல் நமக்குப் புதிய வழக்கன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே, கல்லூரிகளிற் சேர்ந்து பயிலாதார்க்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, தன் மாணவரை அவ்விலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. தமிழுக்கோ, 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூவகைத் தேர்வுகளை வகுத்தது.

இவ்வழியிற் சென்றோருள் தலைசிறந்தவர் இக்கரையோரத்திலேயே தோன்றினார். 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்து விபுலாநந்த அடிகள், கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியரானார். 1916இல் மதுரைச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானங் கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை ஏற்றார்.

இவற்றுள் பண்டிதர் தேர்வும் இலண்டன் பட்டமும் ஒரு பொதுவியல்பு உடையன. தேர்வோர் அவரை அறியார். அவர் எத்தனை நாள் ஏடு புரட்டினார் என வினவவும் இல்லை. எழுதிய விடையே அவரது தகுதியைக் காட்டிற்று.

இன்றைய நிலையை இதனோடு ஒப்பிடுவோம். 2012இல் எட்எக்ஸ், கோர்சீரா முதலிய இணையக் கல்வித் தளங்கள் தோன்றின. எட்எக்ஸ், மாணவரின் நேர்மை உறுதிமொழியை நம்பி இலவசமாக வழங்கிய சான்றிதழ்களை 2015ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியது. 2017இல் இந்தியா தொடங்கிய ‘சுவயம்’ பாடங்களை இலவசமாகப் பயிலலாம். சான்றிதழ் வேண்டுவோர் கட்டணஞ் செலுத்தி, மேற்பார்வையுள்ள நிலையத்தில் பரீட்சை எழுதல் வேண்டும். கற்றலையும் தேர்தலையும் பிரித்த பழைய முறையே ஈண்டு மீண்டு வந்துள்ளது. இதற்கு மாறாக, காணொளிகளை இறுதிவரை ஓடவிட்டு, சில வினாக்களுக்கு வேண்டிய முறை விடையளித்து முடித்த அளவிற் கிடைக்கும் சான்றிதழ்களும் உள. அவை வருகைப் பதிவை ஒப்பன; தேர்ச்சியை நிறுவுவன அல்ல.

ஆயினும் அவற்றை முற்றாக இகழ்தல் தகாது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையும், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இக்கரைக்கு உயர்கல்வியை அண்மையிற் கொணர்ந்தன. எனினும், வீட்டுப் பொறுப்பும் பள்ளிக் கடமையும் ஒருங்கே சுமக்கும் ஆசிரியை ஒருவர், இரவிற் கிடைக்கும் ஒருமணி நேரத்தில் உலகத்து நல்லாசிரியர் ஒருவரின் விரிவுரையைக் கேட்டல் பெரும்பேறு. குறை அவர் கற்றதில் இல்லை. பத்திரங்களை எண்ணிப் பதவி உயர்வுக்குத் தகுதி காணும் வழக்கிலேயே குறை உள்ளது. எண்ணிக்கையே அளவுகோலாயின், கற்கும் ஆர்வமுடையாரும் நாளடைவிற் பத்திரஞ் சேர்ப்போராய் மாறுவர்.

ஆகவே, ஒவ்வொரு பயிற்சியின் பின்னும் ஆசிரியர் தம் வகுப்பில் ஒரு பாடத்தைப் புதுமுறையில் நடத்திக் காட்ட, உடனாசிரியர் அதனைக் கண்டு குறிப்பெழுதுவாராக. அக்குறிப்போடு கூடிய ஒரு சான்றிதழ், அஃதில்லாத இருபதினும் மேலானது. துறைமுகத்தின் பெருமை திறப்பு விழாக் கல்வெட்டில் அன்று, உட்புகும் கலங்களிலேயே உள்ளது. ஆசிரியரின் கல்விக்கும் மாணவர் பெறும் விளக்கமே சான்று.