எம்.பி.க்கு ஒரு ரேங்க் கார்டு

போன மாதம் அப்பா கும்பகோணத்திலிருந்து டெல்லிக்கு வந்திருந்தார். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவர் ஒரு வழவழப்பான நோட்டீஸோடு திரும்பினார். எங்கள் தொகுதி எம்.பி.யின் சாதனைப் பட்டியல், ஹிந்தியில். நான்தான் படித்துச் சொன்னேன்: இத்தனை நாள் சபைக்கு வந்தார், இத்தனை கேள்வி கேட்டார், இத்தனை விளக்குக் கம்பம் நட்டார்.

"அதெல்லாம் சரிடா. ஓட்டெடுப்பு வந்தப்போ எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்னு இருக்கா?"

"இல்லப்பா."

"அட்டெண்டன்ஸ் மட்டும் இருக்கிற ரேங்க் கார்டை நீ கொண்டு வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?"

சிரித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். மெட்ரோவில் போகும்போது அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. எம்.பி.யின் ஓட்டுக்கு மார்க் போடுகிற பழக்கம் எங்கே ஆரம்பித்தது, நம் ஊரில் ஏன் இல்லை என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பழக்கம் வளர்ந்த இடம் அமெரிக்கா. 1893-ல் ஒஹாயோ மாநிலத்தில் மதுக்கடை எதிர்ப்புக் கழகம் (ஆன்டி சலூன் லீக்) ஆரம்பமானது. அதன் மூளையாக இருந்தவர் வேய்ன் வீலர் என்ற வக்கீல். வேட்பாளர் எந்தக் கட்சி, வீட்டில் குடிப்பாரா என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியமில்லை. சபையில் மதுவிலக்குக்கு ஓட்டுப் போட்டாரா என்ற ஒரே கேள்விதான். போட்டால் ஆதரவு, போடாவிட்டால் தோற்கடிப்பது. 1905-ல் ஒஹாயோ கவர்னர் மைரன் ஹெரிக் இவர்களைப் பகைத்துக்கொண்டு தோற்றுப்போனார். அதே தேர்தலில் மற்ற பதவிகளுக்கு நின்ற அவர் கட்சிக்காரர்கள் ஜெயித்தார்கள். அரசியல்வாதிகளுக்குப் பாடம் புரிந்தது. அதே மாநிலத்தின் செனட்டர் வாரன் ஹார்டிங் குடிப்பழக்கம் உள்ளவர்தான். ஆனாலும் 1917-ல் மதுவிலக்குத் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பிறகு ஜனாதிபதியும் ஆனார்.

இதை முறையான மார்க் ஷீட்டாக மாற்றியவர்கள் 1947-ல் தொடங்கிய 'அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன்' அமைப்பினர். சுருக்கமாக ஏ.டி.ஏ. எலினார் ரூஸ்வெல்ட், ஹ்யூபர்ட் ஹம்ப்ரி எல்லாம் ஆரம்பகால ஆட்கள். நேரு காலத்தில், 1961 முதல் 1963 வரை, இதே டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த பொருளாதார நிபுணர் கால்பிரெய்த்தும் அதில் ஒருவர்.

அவர்களுடைய கணக்கு நம் காலாண்டுப் பரீட்சை மாதிரி எளிமையானது. வருடத்தில் நடந்த நூற்றுக்கணக்கான வாக்கெடுப்புகளில் முக்கியமானவை என்று 20-ஐ எடுப்பார்கள். அமைப்பு விரும்பிய பக்கம் ஓட்டுப் போட்டால் தலா 5 மார்க். மொத்தம் 100. எதிராகப் போட்டாலும் சபைக்கு வராவிட்டாலும் பூஜ்யம். 1964-ல் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்ததும் உருவான 'அமெரிக்கன் கன்சர்வேடிவ் யூனியன்' 1971 முதல் எதிர்ப்பக்கத்திலிருந்து மார்க் போட்டது. சுற்றுச்சூழலுக்கு 1970-ல் 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' வந்தது. துப்பாக்கிக்காரர்களின் சங்கமோ பள்ளிக்கூடம் மாதிரியே ஏ, பி என்று எஃப் வரை கிரேடு கொடுத்தது.

மார்க் போட வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் வேண்டும், இல்லையா? அமெரிக்காவிலும் அது முழுசாக இருந்ததில்லை. பிரதிநிதிகள் சபையில் பல திருத்தங்களுக்கு உறுப்பினர்கள் வரிசையாக நடந்துபோக, தலையை மட்டும் எண்ணுவார்கள். பெயர் பதிவாகாது. 1970-ல் கொண்டுவந்த சட்டம்தான் அந்த வாக்குகளையும் பெயரோடு பதிய வழி செய்தது. 1973-ல் மின்னணு வாக்குப்பதிவும் வந்தது. அதன்பிறகு மார்க் போடுகிறவர்களுக்கு விடைத்தாளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் இந்த மார்க்கை அப்படியே நம்பலாமா? 2007-க்கான சுற்றுச்சூழல் அட்டையில் செனட்டர் ஜான் மெக்கெயினுக்குக் கிடைத்தது பூஜ்யம். காரணம், ஜனாதிபதி தேர்தல் பிரசாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர் எடுத்துக்கொள்ளப்பட்ட 15 வாக்கெடுப்புகளுக்கும் வரவில்லை. இத்தனைக்கும் 2003-ல் ஜோ லீபர்மனோடு சேர்ந்து புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்தும் மசோதா கொண்டுவந்தவர் அவர். அது 43-க்கு 55 என்று தோற்றது. பூஜ்யத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கதை தெரியாது. அதற்காக வராதவருக்கு வக்காலத்து வாங்கவும் முடியவில்லை. ஓட்டுப் போடத்தானே சம்பளம்?

இன்னொரு சிக்கல், வினாத்தாளைத் தயாரிப்பதே அமைப்புதான். ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற ஆய்வாளர் 1992-ல் இதை விளக்கினார். அமைப்புகள் பெரும்பாலும் இழுபறியான வாக்கெடுப்புகளையே பொறுக்குவதால், நடுவில் நிற்கும் உறுப்பினர்களும் 100 பக்கமோ பூஜ்யம் பக்கமோ ஒதுங்கிவிடுகிறார்கள். நிஜத்தில் இருப்பதைவிடச் சபை இரண்டாகப் பிளந்தது மாதிரி தெரியும். ஆக, மார்க்கைப் பார்க்குமுன் கேள்வி எடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். லோக்சபாவில் வாக்குப்பதிவு இயந்திரம் 1957-லேயே வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை' என்று கத்துவார்கள். சபாநாயகர் காதில் எது பெரிதாகக் கேட்கிறதோ அதுவே முடிவு. யாராவது டிவிஷன் கேட்டு, அது நடந்தால்தான் பெயர் பதிவாகும்.

பெயர் பதிவானாலும் பெரிய பிரயோஜனமில்லை. 1985-ல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ போடாமல் இருந்தாலோ பதவியே போய்விடலாம் என்றது. கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் உண்டு. 2023-ல் பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதா 454-க்கு 2 என்று லோக்சபாவில் நிறைவேறியது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் முறையாக எண்ணினார்கள். ஆனால் அதை வைத்து யாருக்கு என்ன மார்க் போடுவது? எல்லாரும் ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதின பரீட்சை அது.

மீறினவர்களும் உண்டு. 1999 ஏப்ரல் 17 நம்மவர்களுக்கு மறந்திருக்காது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அன்று தன் கட்சியான தேசிய மாநாட்டின் உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்ட சைஃபுதீன் சோஸ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

கட்டுப்பாடு இவ்வளவு தேவையா என்ற கேள்வியும் பழசுதான். 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, பதவி இழப்பை நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரியான சமயங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 2010-ல் மணீஷ் திவாரி இதே நோக்கத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்ப்பக்க வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1967-க்குப் பிறகு எம்.எல்.ஏ.க்கள் ஒரே நாளில் கட்சி மாறிக் கட்சி மாறி ஆட்சிகள் கவிழ்ந்ததைப் பார்த்துத்தான் இந்தச் சட்டமே வந்தது. ஆனால் விலைபோவதைத் தடுக்கப் போட்ட பூட்டு, யோசிப்பதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது என்பது என் கட்சி.

அதனால்தான் இங்கே மார்க் போட நினைத்தவர்கள் வேறு பாடங்களைத் தேடினார்கள். 1999-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் தொடங்கிய ஏ.டி.ஆர். நீதிமன்றம் போனது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால்தான் வேட்பாளரின் சொத்து, படிப்பு, வழக்கு விவரம் நமக்குக் கிடைக்கிறது. 2005-ல் வந்த பி.ஆர்.எஸ். அமைப்பு எம்.பி.க்களின் வருகை, கேள்விகள், விவாதங்களைத் தொகுக்கிறது. இரண்டும் பெரிய உபகாரம். ஆனால் அப்பா கேட்ட பாடம் மட்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்குத் தொகுதியே ஒரு குழப்பம். இங்கே ஓட்டு, மனசு அங்கே. இரண்டு எம்.பி.க்களில் ஒருவர்கூட நம் சார்பில் எதற்கு ஆம் சொன்னார் என்று தெரியாமலே ஐந்து வருஷம் ஓடிவிடுகிறது.

இதையெல்லாம் அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவர் ஓட்டு அவர்கிட்ட இல்லை, கட்சிகிட்ட இருக்கு. இந்த நோட்டீஸை எதுக்கு நம்ம வீட்ல போட்டாங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை எம்.பி. எங்கள் குடியிருப்புக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது விளக்குக் கம்பத்தைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. ஏதாவது ஒரு மசோதாவுக்காவது டிவிஷன் கேட்டீர்களா என்று கேட்பதாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் எம்.பி.யிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள், அப்பாவிடம் சொல்ல வேண்டும்.