ரண்வீர் சேனா: தடை செய்யப்பட்ட படையும் தனித்து விடப்பட்ட சாட்சிகளும்

வன்முறைக் கும்பல் என்றதும் நகரத்துச் சந்துகளும் போதைப்பொருள் கடத்தலுமே நினைவுக்கு வருகின்றன. பீகாரின் ரண்வீர் சேனா வயல்வெளியில் பிறந்தது. 1994இல் போஜ்பூர் மாவட்டத்தின் பேலாவூர் கிராமத்தில் பூமிகார் நிலவுடைமையாளர்கள் அதை உருவாக்கினர். கூலி உயர்வும் நில உரிமையும் கேட்டு, இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மா-லெ) விடுதலையின் தலைமையில் அணிதிரண்ட தலித் உழவுத் தொழிலாளரை ஒடுக்குவதே அதன் நோக்கம். பூமி சேனா, லோரிக் சேனா, சன்லைட் சேனா எனச் சாதிப் படைகள் அங்கு முன்பே இருந்தன.

1995இல் மாநில அரசு இப்படையைத் தடை செய்தது. அதன் பெரும் படுகொலைகள் அத்தடைக்குப் பின்னரே நிகழ்ந்தன.

1996 ஜூலை 11 அன்று பட்டப்பகலில் பதானி டோலாவில் 21 பேர் கொல்லப்பட்டனர். தலித்துகளும் இசுலாமியருமான அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1997 டிசம்பர் 1 இரவில் சோன் ஆற்றைப் படகில் கடந்து வந்தவர்கள் லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரைக் கொன்றனர். ஏற்றிச்சென்ற படகோட்டிகளையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வழக்குகளின் முடிவைச் சட்டத்துறையினர் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும். 2010இல் விசாரணை நீதிமன்றங்கள் பாதே வழக்கில் 26 பேரையும் பதானி டோலா வழக்கில் 23 பேரையும் தண்டித்தன. பாட்னா உயர் நீதிமன்றம் 2012இல் பதானி டோலா வழக்கிலும், 2013 அக்டோபர் 9 அன்று பாதே வழக்கிலும் அனைவரையும் விடுவித்தது. உயிர் பிழைத்தோரின் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்பதே சாரம். தாக்கியவர்களுள் பலர் அயல் ஊரார் அல்லர். பக்கத்துத் தெருவினர், அன்றாடம் கூலி அளந்தவர்கள் என்பதே உயிர் பிழைத்தோரின் கூற்று. அம்முகங்களை அவர்கள் அறிந்திருக்க முடியாதா என நாம் கேட்கிறோம்.

சேனாவின் தலைவர் பிரம்மேஷ்வர் சிங் 2002இல் கைதானார். அவர் ஆரா சிறையில் இருந்தபோதே பதானி டோலா வழக்கின் ஆவணங்கள் அவரைத் தலைமறைவானவர் என்று குறித்தன. இதை வெறும் எழுத்தர் பிழை என்று ஏற்க நம்மால் இயலவில்லை. சேனாவின் அரசியல் தொடர்புகளை ஆராய அமைக்கப்பட்ட அமீர் தாஸ் ஆணையமும் அறிக்கை அளிக்குமுன்னரே 2006இல் கலைக்கப்பட்டது.

பதிலடியாக மாவோயிஸ்ட் குழுவினர் 1999இல் சேனாரியில் நடத்திய படுகொலையையும் நாம் மறைக்கவில்லை. அதனால் தலித் குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு கூடிவிடவில்லை.

1999 ஜனவரி 25 அன்று நடந்த சங்கர் பிகா படுகொலை வழக்கு மேல்முறையீடு வரை செல்லவும் தேவைப்படவில்லை. சாட்சிகள் பிறழ்ந்ததால் 2015இல் விசாரணை நீதிமன்றமே குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. கொன்றவர் எனத் தாம் சுட்டியவரின் வயலிலேயே மறுநாள் நாற்று நட வேண்டியவர் பிறழ்வதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

அதன்பின் சட்டம் ஓரளவு மாறியுள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவு சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, வாழ்க்கைப்படி, இடமாற்றம் ஆகியவற்றை உரிமையாக்குகிறது. அளிக்கப்பட்ட பாதுகாப்பைச் சிறப்பு நீதிமன்றம் அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும்; விசாரணை நடவடிக்கைகள் காணொளியில் பதிவாக வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தையும் ஏற்றது. ஆயினும் இவை கோரிப் பெற வேண்டியவையாகவே உள்ளன. முதல் தகவல் அறிக்கை பதிவான வாரத்திலேயே 15அ பிரிவின்கீழ் மனு அளிப்பதும், சாட்சியின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யக் கோருவதும் பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்குரைஞரின் முதல் வேலை.