எண்ணப்பட்டோரும் எண்ணுவோரும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. ஆயினும் நம் மக்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் எழுத்தைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றனர். காஞ்சிபுரத்தைத் தன்னுள் கொண்டிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறோ, எண்ணால் நாம் பெற்றதையும், எண் நம் கையில் இல்லாமையால் இழந்ததையும் ஒருங்கே காட்டுகின்றது. நடுநிலைப் பள்ளி மாணவர் பயிலும் புள்ளியியல் பாடத்தை அவ்வரலாற்றோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871ஆம் ஆண்டில் நடைபெற்றது. நம் முன்னோர் அதில் எண்ணப்பட்டனர். எண்ணியவரும் அட்டவணை இட்டவரும் பிறர். இருபது ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். உழுவோர் நிலமற்றிருந்தனர், குடியிருந்த மனையும் அவர்க்கு உரிமையன்று, தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. இவற்றையெல்லாம் அவர் விவரங்களோடு எடுத்துரைத்தார். இரக்கம் ஒன்றையே வேண்டியிருப்பின் அவ்வறிக்கை கோப்பில் உறங்கியிருக்கலாம். விவரங்கள் விடை கேட்டு நின்றன.

1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010, 1010-ஏ எண்ணிட்ட அரசாணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதன் பயனே. பத்தாண்டுக் காலம் அந்நிலத்தை எவருக்கும் விற்றல் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்றல் வேண்டும் என்பது விதி. மாகாணம் முழுவதும் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கூறுவர். அந்நிலத்திற் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றது. வறுமையும் அச்சமும் வஞ்சகமும் அதற்குக் காரணங்கள். எத்தனை ஏக்கர், எந்தப் புல எண், எவர் பெயரில் என்னும் கணக்கு நம் வீடுகளில் இல்லாமற் போனதும் ஒரு காரணமன்றோ? அந்நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; இருவர் உயிர் துறந்தனர். நூறாண்டு கடந்தும் அக்கணக்கு முடியவில்லை.

அரசியல் உரிமையும் எண்ணாகவே வந்தது. 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு மாகாணச் சட்டசபைகளில் நமக்கு அளித்த இடங்கள் 71; அவ்வாண்டே பூனா ஒப்பந்தம் அதனை 148 ஆக்கியது; சென்னை மாகாணத்தின் பங்கு 30. கூடிய இடங்களைக் காண்போர், அதற்கு ஈடாகத் தனித்தொகுதி உரிமை கைவிடப்பட்டதையும் காணல் வேண்டும். எண்ணைப் படிப்பதென்பது அதன் விலையையும் சேர்த்துப் படிப்பதாகும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் நேர்க்கோட்டுக் குறிகளும் பட்டை விளக்கப்படமும், ஏழில் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியனவும், எட்டில் வட்ட விளக்கப்படமும் இடம்பெற்றுள்ளன. 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் கணினியிலும் கைபேசியிலும் செய்து பார்க்கும் இணையச் செயல்பாடுகளும் சேர்க்கப்பட்டன. திரையில் ஓர் எண்ணை மாற்றின் பட்டை உயர்கிறது, தாழ்கிறது. பிழையெனில் அழித்து மீண்டும் செய்யலாம். ஏளனம் செய்வார் இல்லை. கேள்வி கேட்க அஞ்சி வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்த தலைமுறையினர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஊரில் ஐந்து குடும்பங்களின் நிலம் முறையே 1, 1, 2, 2, 24 ஏக்கர் எனக் கொள்வோம். சராசரி 6 ஏக்கர். இடைநிலை அளவு 2 ஏக்கர். இனித் திரையில் 24ஐ 4 ஆக்குக. சராசரி 2 ஆகச் சரிகிறது. இடைநிலை அளவோ அசையவில்லை. 'இவ்வூரில் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர்' என்று ஒருவர் மேடையில் முழங்கினால், அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. பன்னிரண்டு வயதுச் சிறுமி இதனைத் தன் விரலால் கண்டறிகிறாள்.

அவள் அடுத்துப் பார்க்க வேண்டியது தன்னைப் பற்றிய கணக்கு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 73.26. இடைவெளி ஏழு புள்ளிக்கும் குறைவே என மகிழலாமா? அவ்வெண்ணைப் பிரித்தால், நம் ஆண்கள் 80.94, நம் பெண்கள் 65.64. பதினைந்து புள்ளிப் பள்ளம் நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. பிறர் செய்த அநீதியைக் காட்டும் கணக்கே நம் குறையையும் காட்டும்.

ஆதலின், நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாணவர் தம் தெருவையே எண்ணட்டும்: தறிகள் எத்தனை, அவற்றுள் சொந்தத் தறி எத்தனை, கூலித் தறி எத்தனை, பள்ளியை இடையில் விட்டோர் எத்தனை பேர். முதலில் தாளில் குறிக்கட்டும்; பின்னர்த் திரையில் வரையட்டும். கருவி சிலரிடமே இருக்குமாயின் மாலை வகுப்பில் பகிர்ந்து கொள்ளட்டும். நம் வாழ்வை ஆட்சியர் ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டியிருந்த காலம் 1891. அடுத்த அறிக்கையை எழுதும் கை நம் பிள்ளைகளின் கையாக இருத்தல் வேண்டும்.